தார்க்குச்சியைப் பிடுங்கினால் மாடு நடக்குமா? பீட்டா பிளாக்கரும் இதயச் செயலிழப்பும்

1975இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் நால்வர்: ஃபின் வாக்ஸ்டீன், ஓக்கே யால்மர்சன், எட்வர்டாஸ் வார்னவுஸ்காஸ், இங்கமார் வாலென்டின். நோயாளிகள் மொத்தம் ஏழே பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. இன்று ஒரு முதுநிலை மாணவர் இதை ஆய்வேடாகக் கொண்டுபோனால், "எண்ணிக்கை பத்தாதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இதயம் தளர்ந்திருந்த அந்த ஏழு பேருக்கும் கொடுத்த பீட்டா பிளாக்கர் (அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுக்கும் மருந்து), அவர்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அன்றைய பாடநூல்கள் எச்சரித்த மருந்து.

இன்று நிலைமை தலைகீழ். இதயத்தின் பம்பிங், அதாவது ரத்தத்தை வெளியே தள்ளும் திறன், குறைந்த நோயாளிக்கு பீட்டா பிளாக்கர் எழுதாமல் விட்டால், ஏன் விட்டேன் என்று மருத்துவர் காரணம் சொல்ல வேண்டும். தடையிலிருந்து கட்டாயத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 25 ஆண்டுகள் பிடித்தன. இவ்வளவு காலம் ஏன் ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நடுவில் யாரும் மடத்தனம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. எதிர்த்தவர்களும் ஒழுங்காகத்தான் அளந்தார்கள். எந்த நாளில் அளந்தார்கள் என்பதில்தான் சிக்கல்.

நோய்

இதயச் செயலிழப்பு என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் புழங்கும் "பம்பிங் கம்மியா இருக்கு" என்ற பேச்சுதான் விஷயத்துக்கு அருகில் இருக்கிறது. நல்ல இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் இருந்தால், ஒரு துடிப்பில் 60 மில்லி அளவுக்கு வெளியே தள்ளும். தளர்ந்த இதயம் 30, 25 என்று இறங்கிவிடும். தள்ளாத ரத்தம் பின்னால் தேங்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி இரவைக் கழிப்பார்கள். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும்.

இந்த நிலையில் உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தம் போதவில்லை என்று மூளைக்குத் தகவல் போனதும் அட்ரினலின், நார் அட்ரினலின் இரண்டும் சுரந்து "வேகமாக அடி, பலமாக அடி" என்று இதயத்தை விரட்டும். வழியில் ரத்தம் கொட்டினாலோ புலி துரத்தினாலோ சில நிமிடங்களுக்கு இந்த ஏற்பாடு உயிர்காக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும் என்று 1970களில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அன்றைய தர்க்கம் எளிமையானது: இதயம் தளர்ந்திருக்கிறது, அட்ரினலின்தான் அதை எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ஊன்றுகோலைப் பிடுங்கினால் ஆள் விழுந்துவிடுவார்.

இது வெறும் ஊகமும் இல்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் யூஜின் பிரவுன்வால்டின் குழு, இதய நோயாளிகளுக்குப் புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்தால் உப்பும் நீரும் உடலில் தங்கிச் செயலிழப்பு முற்றலாம் என்று காட்டியிருந்தது. பிரவுன்வால்டின் சொல்லுக்கு இதயவியலில் இருந்த எடை சாதாரணமானது அல்ல.

மருந்து

1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர், அட்ரினலின் போன்ற பொருட்கள் உடலில் இரண்டு வகை ஏற்பிகள் (அந்தப் பொருட்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) வழியாக வேலை செய்கின்றன என்று எழுதினார். ஒன்றுக்கு ஆல்ஃபா, மற்றதற்கு பீட்டா. கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது; வேறோர் இதழில்தான் வந்தது. வந்த பிறகும் பத்து ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலி வந்தவருக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது எப்படி என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பீட்டா ஏற்பியை அடைத்து இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று அவர் கேட்டார். வருமானத்தைக் கூட்ட முடியாதபோது செலவைக் குறைக்கிற குடும்பக் கணக்குதான். 1958இல் ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். முதலில் செய்த புரோனெதலால் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது புரோப்ரனலால். 1960களின் நடுவில் சந்தைக்கு வந்து நெஞ்சுவலி சிகிச்சையையே மாற்றியது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் அவர் வேறொரு நிறுவனத்துக்குப் போய் வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடினையும் உருவாக்க வழி செய்திருந்தார்.

நெஞ்சுவலிக்கு நல்லது, செயலிழப்புக்கு விஷம்: பீட்டா பிளாக்கரைப் பற்றி 1970இல் ஒரு மருத்துவ மாணவர் மனப்பாடம் செய்த வரி ஏறக்குறைய இதுதான்.

ஏழு பேர்

கோத்தன்பர்க் மருத்துவர்கள் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. தசை விரிந்து தளர்ந்த இதயம் உள்ள சிலருக்கு, படுக்கையில் அசையாமல் கிடக்கும்போதே நாடி பறக்கிறது. அந்த ஏழு பேரின் சராசரி, ஓய்வில் நிமிடத்துக்கு 98. ஏழில் ஆறு பேருக்கு இதயத் தொந்தரவு தொடங்கும் முன் ஏதோ ஒரு வைரஸ் தொற்று வந்து போயிருந்தது. இதயத்துக்கு வலுவூட்டும் டிஜிட்டாலிஸ், நீர் மாத்திரை எல்லாம் கொடுத்தும் யாரும் தேறவில்லை. சிலர் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி நிமிடத்துக்கு நூறு அடிக்கும் வேகமே இதயத்தைத் தின்கிறதோ என்பது அவர்களுடைய சந்தேகம். சந்தேகத்துக்கு இடம் இருந்தது. இடது கீழறையின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில், அது தளர்ந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் போய்ச் சேரும். துடிப்பு கூடக்கூட அந்த ஓய்வு நேரம் சுருங்கும். அதாவது அதிகம் உழைக்கிற நேரத்தில் சாப்பாடு குறைகிறது.

ஆறு பேருக்கு பிராக்டலால், ஒருவருக்கு ஆல்ப்ரெனலால். இரண்டுமே பீட்டா பிளாக்கர்கள். பிராக்டலால் பெரும்பாலும் இதயத்து ஏற்பிகளோடு நின்றுகொள்ளும். மூச்சுக்குழாயை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. 2 முதல் 12 மாதம் வரை கொடுத்தார்கள். ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த மருந்துகளைக் கூட்டவில்லை. சிலருக்குக் குறைக்கவும் செய்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். நடக்க முடிந்தது, உடற்பயிற்சிச் சோதனையில் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள், இதயத்தின் அளவு சுருங்கியது. வீங்கிப்போன இதயம் சிறுக்கும் என்று அன்று யார் எதிர்பார்த்தார்கள்?

இதில் ஒரு துரதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. அவர்கள் கையில் எடுத்த பிராக்டலால், கட்டுரை வந்த காலத்திலேயே வேறு காரணத்துக்காக மாட்டிக்கொண்டது. சிலருக்குக் கண் வறண்டு பார்வை கெட்டது, தோல் வெடித்தது, வயிற்றின் உள்சவ்வு தடித்துப்போனது. மாத்திரையைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கோத்தன்பர்க் குழு மெட்டோப்ரோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கருக்கு மாறியது. அந்த மருந்து பிறந்தது பக்கத்து ஊரான மெல்ன்டாலில், ஹெஸ்லே நிறுவனத்தின் ஆய்வகத்தில் என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

நம்பாதவர்கள்

1979இல் அதே கோத்தன்பர்க் குழுவின் கார்ல் ஸ்வெட்பெரி 'லான்செட்' இதழில் அடுத்த கணக்கைக் கொடுத்தார். பீட்டா பிளாக்கர் எடுத்த 24 பேரில் மூன்றாம் ஆண்டு முடிவில் 52 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். எடுக்காத பழைய நோயாளிகளில் 10 சதவீதம். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. ஆனால் அந்த 'எடுக்காதவர்கள்' வேறொரு காலத்தில் வந்தவர்கள். குலுக்கல் முறையில் பிரித்த இரண்டு குழுக்கள் இல்லை என்பதால், இதை ஆதாரம் என்று ஏற்க முடியாது என்றார்கள். நியாயமான ஆட்சேபம்தான்.

1980இல் வந்த இன்னொரு கட்டுரையைத்தான் நான் இந்தத் தொடரிலேயே முக்கியமானது என்பேன், அதை அதிகம் பேர் எடுத்துப் பேசாவிட்டாலும். மருந்தில் தேறியிருந்த 15 பேருக்கு அதை நிறுத்திப் பார்த்தார்கள். பம்பிங் இறங்கியது, பழைய தொந்தரவுகள் திரும்பின. மறுபடி கொடுத்ததும் மறுபடி ஏறியது. கொடுத்தால் ஏற்றம், நிறுத்தினால் இறக்கம், திரும்பக் கொடுத்தால் ஏற்றம் என்றால், நோய் தானாகவே குணமானது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அப்படியும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அசையவில்லை. அங்கே அப்போது நம்பிக்கையெல்லாம் நேர் எதிர்த் திசையில் இருந்தது: தளர்ந்த இதயத்தை இன்னும் பலமாக அடிக்க வைக்கும் மருந்து. அந்த வரிசையில் மில்ரினோன் பெரிதாகப் பேசப்பட்டது. சில நாட்களிலேயே நோயாளிக்குத் தெம்பு தெரியும், மருத்துவருக்கும் சந்தோஷம். 1991இல் 1,088 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மில்ரினோன் மாத்திரை எடுத்தவர்களின் இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. நொண்டும் வண்டிமாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் நாலு தப்படி வேகமாக நடக்கும். ஊர் போய்ச் சேராது.

இடையில் அறிவியலும் மெல்ல நகர்ந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் பிரிஸ்டோ, இதய மாற்று அறுவையின்போது அகற்றிய தளர்ந்த இதயங்களைச் சோதித்து, அவற்றில் பீட்டா ஏற்பிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை 1982இல் காட்டினார். ஓயாமல் கத்துகிறவர் வீட்டில் காது மந்தமாவது போல, அட்ரினலின் கூச்சலுக்கு இதயம் தானாகவே செவியை மூடிக்கொள்கிறது. 1984இல் மினசோட்டாவின் ஜே கோன், ரத்தத்தில் நார் அட்ரினலின் அதிகமாக உள்ள நோயாளி சீக்கிரம் சாகிறார் என்று காட்டினார். ஊன்றுகோல் என்று நினைத்ததே காலை வாரிக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் வலுத்தது.

முப்பதாம் நாள்

சரி, குலுக்கல் முறை ஆய்வு ஒன்றைச் செய்து முடித்துவிட வேண்டியதுதானே? செய்தார்கள். 1981இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது வெற்று மாத்திரை என்று தெரியாதபடி அசெபியூட்டலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம். பலன் இல்லை. முறைப்படி பார்த்தால் அது கோத்தன்பர்க் கட்டுரையைவிடச் சுத்தமான ஆய்வு. அடுத்த சில ஆண்டுகளில் மெட்டோப்ரோலாலை வைத்துச் செய்த இன்னொரு ஒரு மாத ஆய்விலும் ஒன்றும் தேறவில்லை. ஸ்வீடன்காரர்கள் ஆசையில் கண்டதைச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவதற்கு இது போதுமானதாக இருந்தது.

புதிர் அவிழ்ந்தது 1995இல், டல்லஸ் நகரத்து மருத்துவர்கள் செய்த ஒரு சின்ன ஆய்வில். 26 ஆண்கள், 16 பேருக்கு மெட்டோப்ரோலால், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. அவர்கள் செய்த புத்திசாலித்தனம், பம்பிங்கை அளக்கும் இதய ஸ்கேனான எக்கோவைத் திரும்பத் திரும்ப எடுத்தது. மருந்து கொடுத்த முதல் நாள் பம்பிங் இறங்கியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய அளவிலேயே நின்றது. மூன்றாம் மாதம் ஏறியிருந்தது. அதற்கப்புறம் இதயத்தின் வடிவமே மாறத் தொடங்கியது: பந்து போல உருண்டிருந்த அறை மீண்டும் நீள்வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இந்த மூன்று அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 20 ஆண்டுச் சண்டை விளங்கிவிடும். ஊசி போட்டுச் சில மணி நேரத்தில் அளந்த உடலியல் ஆய்வாளர் கண்டது இறக்கம். ஆகவே மருந்து விஷம். ஒரு மாதத்தில் அளந்த கிறைஸ்ட்சர்ச் குழு கண்டது மாற்றமின்மை. ஆகவே மருந்து வீண். மாதக்கணக்கில் காத்திருந்த கோத்தன்பர்க் கண்டது ஏற்றம். மூவரும் கண்டதைத்தான் சொன்னார்கள்.

மருந்தின் உடனடி வேலை துடிப்பை அடக்குவது. அது மருந்தியல், சில மணி நேரத்தில் நடக்கும். பலன் தருவது அது மட்டுமல்ல. அட்ரினலின் அடி நின்றபின் இதயத் தசை தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்கிறதே, அதுதான் பெரிய பலன். கொத்தனார் வந்து போனதும் வீடு எழும்பிவிடுமா? சிமெண்டு காய வேண்டும்.

பாக்குவெட்டி

என் மாமாவுக்கு இரண்டு வருடம் முன்பு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்கோவில் பம்பிங் 30. நீர் இறங்கியதும் மற்ற மாத்திரைகளோடு மெட்டோப்ரோலால் சக்சினேட் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, தினம் ஒரு வேளை. அத்தை பாக்குவெட்டியால் நடுக்கோட்டில் வைத்து அழுத்துவார். தூள் சிந்தாமல் இரண்டாகும். மீதிப் பாதியை ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு வைப்பார். (அந்த மாத்திரையைக் கோட்டில் பாதியாக்கலாம், பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. மருந்து நாள் முழுக்க மெல்ல இறங்கும்படி செய்த மாத்திரை அது.)

மூன்றாவது வாரம் போனில், "இதைப் போட ஆரம்பிச்சதிலேர்ந்துதாண்டா எனக்குக் கை கால் ஓய்ஞ்சு போவுது. முன்னாடியே பரவாயில்ல. நிறுத்திடவா?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மூன்றாவது வாரத்தில் அவருடைய இதயம் கிறைஸ்ட்சர்ச் கட்டத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தொடரவும்' என்று மட்டும் இருந்தது. முதல் சில வாரம் இப்படித்தான் இருக்கும், அதற்கப்புறம்தான் தெளியும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, பெரும்பாலான இடங்களில் இதுதான் நடக்கிறது. "மாமா, நீங்களா நிறுத்தாதீங்க. காலை எடை பாருங்க, கால் வீங்குதான்னு பாருங்க, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க" என்றேன். மருத்துவர் நீர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், பாதி மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார். ஏற்றுவதை மட்டும் தள்ளிப் போட்டார்.

சட்டென்று நிறுத்துவது ஏன் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் மருந்து வாயை அடைத்து வைத்திருந்த ஏற்பிகள், மருந்து விலகியதும் அட்ரினலினுக்கு முன்பைவிட அதிகமாகத் துள்ளும். நெஞ்சுவலி நோயாளிகள் புரோப்ரனலாலைத் திடீரென்று விட்டபோது மாரடைப்பு வந்தது 1970களிலேயே தெரிந்த விஷயம். விட வேண்டும் என்றால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

பெரிய எண்கள்

1993இல் வாக்ஸ்டீன் தலைமையில் 383 பேரிடம் ஓர் ஆய்வு முடிந்தது. இந்த முறை குலுக்கல் முறை, வெற்று மாத்திரை எல்லாம் உண்டு. மெட்டோப்ரோலாலை நாளுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றி 100, 150 வரை கொண்டுபோனார்கள். மாற்று இதயத்துக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 19 பேர், மருந்துக் குழுவில் 2 பேர். ஆனால் இறப்பு குறையவில்லை: 19க்கு 23. ஆகவே வாதம் ஓயவில்லை.

1996இல் கார்வெடிலால் என்ற பீட்டா பிளாக்கரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு. 1,094 பேர். இறப்பு 7.8 சதவீதத்திலிருந்து 3.2க்கு இறங்கியது. இப்படி ஓர் எண் வந்தும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு முதலில் ஒப்புதலுக்குப் பரிந்துரைக்க மறுத்தது. இறப்பைக் குறைப்பது ஆய்வின் முதன்மைக் கேள்வியாக முன்கூட்டியே எழுதப்படவில்லை என்பது ஓர் ஆட்சேபம். கேட்காத கேள்விக்கு வந்த நல்ல பதிலை எவ்வளவு நம்புவது? கறாரான பேச்சுதான், ஆனாலும் அந்தக் கறார் இல்லாவிட்டால் மில்ரினோன் போன்றவை எளிதாகப் புகுந்துவிடும். மறு வருடம் ஒப்புதல் கிடைத்தது.

1999இல் கதவு முழுதாகத் திறந்தது. ஐரோப்பாவில் பிஸோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரை வைத்து நடந்த சிபிஸ்-2 ஆய்வில் 2,647 பேர், இறப்பு 17.3 சதவீதம் என்றிருந்தது 11.8 ஆனது. மெட்டோப்ரோலால் சக்சினேட்டை வைத்து நடந்த மெரிட்-எச்.எஃப். ஆய்வில் 3,991 பேர். இறப்பு அபாயம் 34 சதவீதம் குறைவு. இரண்டையும் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள், பலன் தெளிவாகிவிட்ட பிறகு ஒரு சாராருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது முறையில்லை என்பதால். 2001இல் கோப்பர்னிகஸ் ஆய்வு, பம்பிங் 25க்கும் கீழே போனவர்களுக்கும் கார்வெடிலால் உதவும் என்று காட்டியது.

அதே வருடம் புசிண்டலால் என்ற பீட்டா பிளாக்கர் 2,708 பேரிடம் இறப்பைத் தெளிவாகக் குறைக்கத் தவறியது. அதனால்தான் மருத்துவர்கள் 'ஏதோ ஒரு பீட்டா பிளாக்கர்' எழுதுவதில்லை. பம்பிங் குறைந்தவருக்கு மெட்டோப்ரோலால் சக்சினேட், பிஸோப்ரோலால், கார்வெடிலால் இவற்றில் ஒன்று. ரத்த அழுத்தத்துக்காக வருடக்கணக்கில் அட்டெனலால் என்ற வேறொரு பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவரை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் இதுதான்.

அவசரம்

இந்தக் கதையின் மறுபக்கம் சீனாவில் இருக்கிறது. 2005இல் வெளியான கமிட் ஆய்வு, மாரடைப்போடு வந்த 45,852 பேரிடம் நடந்தது. மெட்டோப்ரோலாலை முதலில் ரத்தக்குழாய் வழியே ஊசியாக அடுத்தடுத்து 15 மில்லிகிராம், பிறகு மாத்திரையாக நாளுக்கு 200. மாமாவின் பாதி மாத்திரையோடு ஒப்பிட்டால் 16 மடங்கு, அதுவும் முதல் நாளிலிருந்தே. ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் மறு மாரடைப்பிலிருந்தும், ஐந்து பேர் ஆபத்தான தாறுமாறான துடிப்பிலிருந்தும் தப்பினார்கள். ஆனால் கூடுதலாகப் பதினோரு பேருக்கு இதயம் துவண்டு அதிர்ச்சி நிலை வந்தது, பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில். மொத்த இறப்பில் வித்தியாசமே இல்லை.

கோத்தன்பர்க்கில் ஏழு பேரைத் தேற்றிய அதே குடும்பத்து மருந்துதான். தார்க்குச்சியைப் பிடுங்குவதிலும் பக்குவம் இருக்கிறது. மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிமாட்டின் மூக்கணாங்கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் வண்டி குடைசாயும். நீர் கோத்து மூச்சு முட்டிக்கொண்டிருப்பவருக்கு முதல் தடவையாக இந்த மாத்திரையைத் தொடங்க மாட்டார்கள்; முதலில் நீரை இறக்கி ஆளை நிதானத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு சின்ன அளவு, பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. ஆஸ்துமா உள்ளவருக்கும் நாடி ஏற்கெனவே மெதுவாக இருப்பவருக்கும் தனிக் கணக்கு.

இப்போதைய சண்டை

1980களில் மாரடைப்பு வந்த எல்லாருக்கும் பீட்டா பிளாக்கர் என்ற வழக்கம் உறுதியானது. அதற்கு நல்ல ஆதாரம் இருந்தது. கோத்தன்பர்க்கிலேயே யால்மர்சன் 1,395 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தி 1981இல் வெளியிட்ட ஆய்வில், 90 நாளில் இறந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 62, மெட்டோப்ரோலால் குழுவில் 40. ஆனால் அது ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சுருள்), ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) எதுவும் இல்லாத காலம். இன்று அடைப்பைச் சில மணி நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். பலருக்குப் பம்பிங் கெடுவதே இல்லை. அவர்களுக்கும் ஆயுள் முழுக்க இது வேண்டுமா?

கேள்வியை முதலில் பெரிய அளவில் சோதித்ததும் ஸ்வீடன்தான். 2024இல் வந்த ரெட்யூஸ்-ஏ.எம்.ஐ. ஆய்வில், பம்பிங் 50க்கு மேல் இருந்த 5,020 பேரில், கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை: இறப்பும் மறு மாரடைப்பும் சேர்ந்து 7.9 சதவீதம், 8.3 சதவீதம். ஆனால் அதே வருடம் பிரான்சில், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிறுத்திப் பார்த்த அபிஸ் ஆய்வு, நிறுத்துவது தொடர்வதற்குச் சமமான பாதுகாப்பு என்று நிரூபிக்கத் தவறியது. தொடங்காமல் விடுவது வேறு, தொடங்கியதை நிறுத்துவது வேறு.

2025 ஆகஸ்ட் இறுதியில் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் இன்னும் வேடிக்கை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 8,500க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ரீபூட் ஆய்வு, பம்பிங் 40க்கு மேல் இருந்தால் பலன் இல்லை என்றது. நார்வே, டென்மார்க் ஆய்வான பீட்டாமி-டான்பிளாக், அதே போன்ற நோயாளிகளிடம் பலன் உண்டு என்றது: இறப்பும் மறு மாரடைப்பு போன்ற பெரிய தொந்தரவுகளும் சேர்ந்து 16.3 சதவீதம் என்றிருந்தது 14.2 ஆனது, பெரும்பாலும் மறு மாரடைப்பு குறைந்ததால். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பம்பிங் 40க்கும் 49க்கும் நடுவில் உள்ளவர்களுக்குப் பலன் இருக்கிறது என்கிறார்கள்.

செய்தி வந்த இரண்டாம் நாள் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு. 'பீட்டா பிளாக்கர் மாத்திரை வேஸ்ட், ஐரோப்பிய டாக்டர்கள் அறிவிப்பு' என்று சிவப்பு எழுத்தில். அதன் கீழே அவரே எழுதியிருந்தார்: "அப்ப நான் விட்டுடலாமா?"

"மாமா, அது மாரடைப்பு வந்து பம்பிங் நல்லா இருக்கிறவங்களுக்கு. உங்க கடைசி எக்கோவில எவ்வளவு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ரிப்போர்ட்டின் போட்டோ வந்தது. அத்தைதான் எடுத்திருக்க வேண்டும். ஓரத்தில் பாக்குவெட்டியின் ஒரு காது தெரிந்தது. 42 என்று இருந்தது. "30லேர்ந்து 42 ஆகியிருக்கு. மாத்திரை முழுசு, அரை எல்லாம் எப்படிப் போட்டுக்கிட்டு இருக்கீங்களோ அப்படியே போடுங்க. அடுத்த மாசம் டாக்டரைப் பார்க்கிறப்போ இந்த ஃபார்வர்டையும் காட்டுங்க."

"அரை எல்லாம் போன வருஷமே முடிஞ்சுது. இப்ப நூறு" என்று பதில் வந்தது.